ஆறாவது கடிகாரம்

லெபு கெம்பலில் மூன்று மாடி, இருபத்திரண்டு அறை.
கூரைக்கடியில் ஆறு தொட்டிகள்,
வெள்ளை வயிறு தள்ளி.
ஆறும் ஒரே நேரத்தில் சூடேற ஆசைப்பட்டால்
எழுபத்தைந்து ஆம்பியர்.
கீழே மெயின் சுவிட்சு தாங்குவது அறுபது.
மிச்சம் பதினைந்துக்காகத்தான்
தினமும் காலை ஆறரைக்கு
தலையில் ஷாம்பு நுரையோடு
வெள்ளைக்காரர்கள் கத்தினார்கள்.

தவுக்கே கோர் கூப்பிட்டார்.
"வயர் மாத்தாதே. மீட்டர் மாத்தாதே.
தண்ணி மட்டும் சுடணும்."

மீதி இருந்தது நேரம்தான்.
அதை மாற்றினேன்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டி.
ஆறு கடிகாரம், ஆறு காண்டாக்டர்.
கடிகாரத்தின் முகத்தைச் சுற்றித் தொண்ணூற்றாறு பற்கள்,
ஒரு பல் கால் மணி நேரம்.
விரல் நகத்தால் வெளியே தள்ளினால் அது சூடு.
உள்ளேயே விட்டால் வெறும் நேரம்.

நாலு மணிக்கு முதல் இரண்டு தொட்டி,
ஐந்துக்கு அடுத்த இரண்டு,
ஆறுக்குக் கடைசி ஜோடி.
கடிகாரம் பாரம் தூக்காது;
சுருள் ஒன்றைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.
சுருள்தான் இரும்பை இழுக்கும், டக்கென்று.
கோர் புருவத்தைத் தூக்கினால்
மூன்றாம் மாடிக்கு மெத்தை ஏறுகிறதே,
அந்த மாதிரி.

முதல் இரவு பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்தேன்.
டக். டக்.
சுவரில் பல்லி பதில் சொன்னது.
கவுண்டரில் சர்வின் தலை தூக்கினான்:
"யாருண்ணே கதவு தட்டுறது?"
"நாலு மணி," என்றேன்.

எட்டு மாதம் போன் வரவில்லை.
என் தொழிலில் பாராட்டு என்பது அதுதான்.

நவம்பர் மழையில் ஒரு ராத்திரி
எங்கேயோ டிரான்ஸ்பார்மர் வெடித்து
பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன கரண்ட்
ஆறு இருபத்தைந்துக்குத்தான் வந்தது.
பேட்டரி வைத்த கடிகாரம் நாற்பது வெள்ளி கூட.
அன்றைக்கே சொன்னேன்,
"நாம என்ன ராக்கெட்டா விடுறோம்?" என்றார் கோர்.
பேட்டரி இல்லாத கடிகாரம்
இருட்டில் அப்படியே நிற்கும்;
வெளிச்சம் வந்ததும்
விட்ட இடத்திலிருந்து நடக்கும், யாரையும் கேட்காமல்.
ஆறு மணி
பதினொன்று முப்பத்தைந்துக்குப் போய்விட்டது.

நான் பட்டர்வொர்த்தில் வேறு வேலையில் இருந்தேன்.
மூன்றாம் நாள்தான் வர முடிந்தது. மத்தியானம்.
குழாய்களைப் பார்க்க மேலே ஏறினால்
நடைவழிக் கடைசிக் குளியலறையிலிருந்து
ஆவி.

லோகநாயகி வெளியே வந்தாள், தலையில் துண்டு சுற்றி.
அடுத்து சுகியாத்தி, கையில் சோப்புப் பெட்டி,
தன் முறைக்குக் காத்துக்கொண்டு.
பதினோரு அறை, பதினோரு கழிப்பறை
கழுவி முடித்த கைகள்.
என் சட்டைப்பையில் டெஸ்டரைப் பார்த்ததும்
லோகநாயகிக்கு விளங்கிவிட்டது.

"சரி பண்ண வந்தியா?"
"ஆமாக்கா."
"பண்ணு."
பிறகு, வாளியைக் கவிழ்த்தபடி:
"குளோராக்ஸ் வாசம் பச்சைத் தண்ணிக்குப் போவாதுப்பா.
ஆயர் ஈத்தாம் பஸ்ல மூணு நாளா
பக்கத்துல உக்காந்தவங்க யாரும் எந்திரிச்சுப் போகல."

கீழே இறங்கினேன்.
ஆறு முகங்களையும் சரியான மணிக்குத் திருப்பினேன்.
கடைசி முகத்தில் மட்டும்,
காலைக்கான பற்களைத் தொடாமல்,
பதினொன்றரைக்கு நேராக
இன்னும் இரண்டு பல்லை
நகத்தால் தள்ளினேன்.
அரை மணி நேரம். ஒன்றரை யூனிட்.
அந்த வேளையில் மற்ற ஐந்தும் தூங்கும்;
மெயின் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் கூலி வாங்கப் போனேன்.
கோர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.
பதினொன்றரை.
படிக்கட்டுக்கு அடியில், டக்.

விரல் நின்றது.
"என்ன அது?"
"காண்டாக்டர் புதுசு, தவுக்கே. ஸ்பிரிங் இறுகுது."
என் முகத்தைப் பார்த்தார்.
கூரையைப் பார்த்தார்.
திரும்பவும் தட்டினார், இந்த முறை மெதுவாக,
ஒன்றரை, பெருக்கல், முப்பது.

என் பில்லில்
இருபது வெள்ளி குறைத்து எழுதி நீட்டினார்.
எண்ணிப் பார்க்காமல்
பையில் வைத்துக்கொண்டேன்.